சம்பளக்காரனுக்குத் தனி வாசல்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தின் டிரெஸ்ஸாஜ் பிரிவில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. அந்தப் போட்டியில் குதிரை பாய்ந்து ஓடாது, வேலி தாண்டாது. ஏறியிருப்பவரின் சின்னச் சின்ன அசைவுக்குக் கட்டுப்பட்டு அளந்து அளந்து அடிவைக்கும், அதற்குத்தான் மதிப்பெண். ஸ்வீடனின் மூவர் அணியில் ஒருவர் பெர்சன். மறு ஆண்டு அந்தத் தங்கத்தைப் பறித்து பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊக்கமருந்து விவகாரம் எதுவும் இல்லை, நடுவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை. பெர்சன் ராணுவத்தில் சார்ஜென்டாக இருந்தார். குற்றம் அவ்வளவுதான்.

அன்றைய விதிப்படி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ராணுவத்திலிருந்து அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். லெப்டினன்ட், மேஜர் என்றால் அமெச்சூர். அவர்களுக்கு ஒரு படி கீழே நிற்கும் சார்ஜென்ட் தொழில்முறைக்காரர். இருவருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே அரசாங்கம், இருவரும் பழக்குவது ஒரே லாயத்துக் குதிரைகள். ஸ்வீடன்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு பெர்சனை லெப்டினன்ட் ஆக்கினார்கள், முடிந்த சில வாரங்களில் பழையபடி சார்ஜென்ட் ஆக்கிவிட்டார்கள். போட்டியன்று அவர் தலையில் இருந்த சார்ஜென்ட் தொப்பிதான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது என்று சொல்வார்கள். பிறகு விதியை மாற்றினார்கள். 1952 ஹெல்சிங்கியில் அதே மூவர் தங்கம் வென்றார்கள். 1956லும் அவர்களேதான் வென்றார்கள். ஆக, அவருடைய திறமையில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

அமெச்சூர் என்றால் காசுக்கு ஆடாதவர் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் வேறு கணக்கு தெரிகிறது. மூட்டை மூட்டையாகக் காசு வாங்கிய அமெச்சூர்கள் இருந்திருக்கிறார்கள். விளையாட்டில் ஒரு பைசா வாங்காமலே தொழில்முறைக்காரர் என்று முத்திரை குத்தி விரட்டப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். 'விளையாடக் காசு வாங்கினாயா?' என்பது மேலுக்குக் கேட்ட கேள்வி. 'மற்ற நாட்களில் என்ன வேலை செய்து சாப்பிடுகிறாய்?' என்பதே உள்ளே கேட்கப்பட்ட கேள்வி.

கொத்தனாரின் துடுப்பு

இந்தக் கேள்வியை ஒளிவுமறைவில்லாமல் எழுத்திலேயே கேட்டவர்கள் இங்கிலாந்தின் படகோட்டிகள். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஹென்லி என்ற சிற்றூரில் 1839 முதல் துடுப்புப்படகுப் போட்டி நடக்கிறது. 1879ல் அதன் நிர்வாகிகள் யார் அமெச்சூர் என்று வரையறுத்தார்கள். பந்தயப் பணத்துக்குப் படகு விட்டவர் கூடாது, காசு வாங்கிப் பயிற்சி கொடுத்தவர் கூடாது. இதுவரை சரி. அடுத்து, படகுத்துறையில் வேலை பார்த்துப் பிழைப்பவர் கூடாது. அதற்கும் அடுத்து, கைவினைஞர், இயந்திரத் தொழிலாளி, கூலித் தொழிலாளி யாராக இருந்தாலும் கூடாது. அவர் ஆயுளில் துடுப்பைத் தொட்டதற்காக ஒரு பென்னி வாங்கியிருக்க வேண்டியதில்லை. சுத்தியல் பிடித்தவர் என்பதே போதும்.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயம் வேடிக்கையானது. உடலுழைப்பாளிக்குத் தோளும் முதுகும் வேலையிலேயே முறுக்கேறிவிடுமாம். மேசையில் அமர்ந்து படிக்கும் கனவான் அவரோடு போட்டியிடுவது சமமாகாதாம். ஓட்டப்பந்தயக்காரர்கள் இந்த அளவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1880ல் உருவான இங்கிலாந்தின் தடகளச் சங்கம் தொழிலாளிகளை ஒதுக்கும் விதியைக் கைவிட்டது. படகுக்காரர்கள் விடவில்லை.

1920ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து ஜாக் கெல்லி ஹென்லிக்கு விண்ணப்பித்தார். அவர் அந்நாட்டின் தலைசிறந்த ஒற்றையர் படகோட்டி. தொழில் கட்டடம் கட்டுவது, அதற்கு முன்பு செங்கல் அடுக்கிய கொத்தனார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிர்வாகிகள் குறிப்பேட்டில் இரண்டு காரணங்களை எழுதினார்கள். கெல்லியின் வெஸ்பர் படகுக் கிளப் ஏற்கெனவே ஹென்லியில் தடைசெய்யப்பட்டது. அடுத்தது, அவர் ஒரு காலத்தில் உடலுழைப்புத் தொழிலாளியாக இருந்தவர். அந்த ஆண்டு ஹென்லியின் ஒற்றையர் கோப்பையை இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டு வாங்கிக்கொண்டார். சில வாரங்கள் கழித்து ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே பெரஸ்ஃபோர்டுக்கும் கெல்லிக்கும் நேருக்கு நேர் போட்டி. கெல்லி ஒரு விநாடியில் ஜெயித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சற்று நேரத்தில் இரட்டையர் போட்டியிலும் இறங்கி இன்னொரு தங்கம் வாங்கினார். வியர்வையில் நனைந்த தன் தொப்பியை இங்கிலாந்து அரசருக்குத் தபாலில் அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அனுப்பியிருந்தால் நியாயம்தான்.

மேல்தட்டு ஒருவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள எத்தனை வருடம் எடுக்கும் என்பதற்கும் கெல்லி குடும்பமே நல்ல கணக்கு. செங்கல் தொழிலில் அவர் கோடீஸ்வரர் ஆனார். மகன் 1947லும் 1949லும் அதே ஹென்லியில் அதே கோப்பையை வென்றார். மகள் கிரேஸ் கெல்லி ஹாலிவுட்டில் நடித்து, மொனாக்கோ இளவரசரை மணந்தார். 1981ல் ஹென்லியில் பரிசு வழங்கச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் அந்த இளவரசி கிரேஸ்.

தொழிலாளி விதி செத்ததற்குக் காரணம் மனசாட்சி அல்ல, வெட்கக்கேடு. 1936ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலிய எட்டுபேர் அணி முழுக்க சிட்னி போலீஸ்காரர்கள். போகிற வழியில் ஹென்லியில் ஒரு கை பார்க்கலாம் என்றார்கள். போலீஸ்காரர் உடலுழைப்பாளி, ஆகவே அனுமதி இல்லை என்று பதில் வந்தது. சொந்தச் சாம்ராஜ்யத்தின் காவலர்களையே வாசலில் நிறுத்திய செய்தி உலகமெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தது. மறு ஆண்டே விதியை எடுத்துவிட்டார்கள்.

விதி போயிற்று, அடையாளங்கள் போகவில்லை. ஹென்லியின் உறுப்பினர் வளாகத்துக்குள் ஆண்கள் கோட்டும் டையும் அணிந்தே வரவேண்டும். பெண்களின் பாவாடை முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பெண்கள் பேன்ட் போட்டு வரலாம் என்று அனுமதித்ததே 2021ல்தான். ஒவ்வொரு கிளப்புக்கும் தனி வண்ணப் பட்டைபோட்ட பிளேசர், தனித் தொப்பி. எந்தக் கோட்டு எந்தக் கல்லூரி என்று படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் மொழி அது. நம் ஊரில் நெற்றியைப் பார்த்து வடகலையா தென்கலையா என்று சொல்லிவிடுவதுபோல, அங்கே கழுத்துப் பட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பெயருக்கு முன்னால், பெயருக்குப் பின்னால்

கிரிக்கெட்டில் தொழிலாளியை வெளியே நிறுத்த முடியவில்லை. காரணம் எளிது: நாள் முழுக்க ஓடிவந்து பந்து வீச ஆள் வேண்டும். கனவான்களுக்குப் பேட்டிங்கில்தான் பிரியம். எனவே கூலிக்காரரை உள்ளே விட்டு, அவருக்கென்று தனி வாசல் வைத்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரருக்குத் தனி உடைமாற்றும் அறை. பல மைதானங்களில் ஆடுகளத்துக்குள் இறங்குவதற்கும் தனி வாயில். ஒரே அணியின் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்கள் இரண்டு வாயில்கள் வழியாக இறங்கி, நடுவே சந்தித்து, அதற்குப் பிறகு ஒரே அணியாக ஆடியிருக்கிறார்கள்.

ஸ்கோர் அட்டையிலும் இந்தப் பிரிவினை இருந்தது. அமெச்சூருக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். சம்பளக்காரருக்குப் பெயருக்குப் பின்னால், இல்லாவிட்டால் தலைப்பெழுத்தே கிடையாது. பிரெட் டிட்மஸ் என்ற சுழற்பந்து வீச்சாளர் இளவயதில் லார்ட்ஸில் ஆட இறங்கியபோது அச்சுப்பிழையால் அவருடைய தலைப்பெழுத்துகள் முன்னால் வந்துவிட்டன. உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள்: எஃப்.ஜே. டிட்மஸ் என்று இருப்பதை டிட்மஸ் எஃப்.ஜே. என்று திருத்தி வாசிக்கவும். மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு அந்த நேரத்தில் அத்தனை அவசரமாகத் தெரியவேண்டிய தகவல் அதுதான்.

'கனவான்கள் - ஆட்டக்காரர்கள்' என்று இரு பிரிவுகளாகப் பிரித்து ஆடிய ஆட்டம் 1806ல் தொடங்கி 1962 வரை நீடித்தது. இங்கிலாந்து அணியின் கேப்டன் பதவி கனவானுக்கே என்பது எழுதாத சட்டம். வால்டர் ஹேமண்ட் உலகின் மிகச்சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர், சம்பளத்துக்கு ஆடியவர். 1938ல் அவருக்கு ஒரு டயர் கம்பெனியில் இயக்குநர் பதவி கிடைத்தது. உடனே தன்னை அமெச்சூர் என்று அறிவித்துக்கொண்டார், உடனே இங்கிலாந்தின் கேப்டன் ஆனார். 1937ல் ஆட்டக்காரர்கள் அணிக்குத் தலைமை தாங்கியவர் 1938ல் கனவான்கள் அணிக்குத் தலைமை தாங்கினார். மட்டை மாறவில்லை, மணிக்கட்டு மாறவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்த இடம் மாறிற்று, அவ்வளவே. இருபதாம் நூற்றாண்டில் கூலிக்காரராகவே இருந்துகொண்டு கேப்டன் பதவி பெற லென் ஹட்டன் வரவேண்டியிருந்தது. அது 1952ல். அடுத்த ஆண்டே அவர் ஆஷஸ் கோப்பையை மீட்டார்.

இந்த நாடகத்தின் உச்சக் காட்சி 1895. தாடி வைத்த மருத்துவர் டபிள்யூ.ஜி. கிரேஸ் எந்நாளும் அமெச்சூர். அவர் 1891ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன பயணத்துக்கு 3,000 பவுண்டு வாங்கினார். உடன் போன தொழில்முறை ஆட்டக்காரர்கள் யாரும் கனவிலும் காணாத தொகை. 1895ல் அவர் நூறாவது சதம் அடித்தார். பத்திரிகையும் கிளப்புகளும் நிதி திரட்டின, 9,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதையும் வாங்கிக்கொண்டு அவர் கனவானாகவே இருந்தார்.

அதே 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், ஜார்ஜ் ஹோட்டலில் ரக்பி கிளப்புகளின் கூட்டம் ஒன்று நடந்தது. யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். சனிக்கிழமை வேலை நாள். ஆடப் போனால் கூலி வெட்டு. ஆட்டத்துக்குச் சம்பளம் வேண்டாம், இழந்த கூலியை மட்டும் ஈடுகட்டுங்கள் என்பதே கோரிக்கை. லண்டனில் இருந்த ரக்பி யூனியன் 1893லேயே அதை வாக்கெடுப்பில் தோற்கடித்திருந்தது. காசு கலந்தால் விளையாட்டின் தூய்மை கெடுமாம். அன்று ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று வைத்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரேஸுக்குக் கொடுத்த 9,000 பவுண்டில் இப்படி முப்பதாயிரம் நாள் கூலியை ஈடுகட்டியிருக்கலாம். அந்த ஒற்றைத் தொகையால் கிரிக்கெட்டின் தூய்மை கெடவில்லை. ஆறு ஷில்லிங்கால் ரக்பியின் தூய்மை கெட்டுவிட்டதாம்.

அந்தப் பிரிவுதான் இன்றைய ரக்பி லீக். அங்கே ஒருமுறை ஆடியவருக்கு ரக்பி யூனியனில் ஆயுள் தடை. இது நூறாண்டு நீடித்தது. 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தன் ஆட்டக்காரர்களுக்குப் பகிரங்கமாகப் பணம் தரலாம் என்று முடிவெடுத்தபோதுதான் சுவர் இடிந்தது. இடையில் பிரான்ஸில் நடந்தது இன்னும் கேவலம். 1941ல் நாஜிகளுக்கு இணங்கிப்போன விஷி அரசு ரக்பி லீக்கையே தடைசெய்து, அதன் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. விளையாட்டில் அரசியல் கூடாது என்று மேடையில் முழங்குபவர்களிடம் இந்த ஆண்டை மட்டும் நினைவுபடுத்தினால் போதும்.

ஒலிம்பிக்கின் கதையை விரிக்க இடமில்லை, ஒருவரைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்ற ஜிம் தோர்ப் அமெரிக்கப் பழங்குடி. முன்பு இரண்டு கோடைகாலங்களில் சொற்பப் பணத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று பதக்கங்களைப் பிடுங்கினார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் புனைபெயரில் அப்படி ஆடுவது அப்போது வழக்கம். தோர்ப் வெகுளியாகச் சொந்தப் பெயரில் ஆடிவிட்டார். அதே இரண்டு போட்டிகளிலும் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் ஏவரி பிரண்டேஜ். இவர் பின்னால் சிகாகோவில் கட்டட ஒப்பந்தக்காரராகப் பெரும் பணம் சேர்த்தார். 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்து அமெச்சூர் தத்துவத்தைக் கட்டிக் காத்தார். சோவியத் ராணுவ 'அதிகாரிகள்' முழுநேரமும் பயிற்சி செய்வது அவர் கண்ணை உறுத்தவில்லை. தோர்ப்பின் பதக்கங்களைத் திருப்பித் தர மட்டும் கடைசிவரை மனம் வரவில்லை. தோர்ப் 1953ல் வறுமையில் இறந்தார். ஒலிம்பிக் குழு அவரைத் தனி வெற்றியாளராக மீண்டும் ஏற்றது 2022ல்.

சேப்பாக்கத்து மரநிழல்

இந்தச் சரக்கு கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல் தொடங்கியது. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867ல். வெள்ளைக்காரர் படகு வலித்த இடத்துக்குப் பக்கத்துச் சாலை இன்று சென்னையின் விலையுயர்ந்த விலாசங்களில் ஒன்று. அங்கே வீடு வாங்க யாரும் துடுப்புப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் வர்க்கம் செய்த வேலையை இங்கே நிறம் செய்தது, நிறத்துக்குக் கீழே சாதி செய்தது. புச்சிபாபு நாயுடு மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்ந்த, துபாஷி வம்சத்துப் பெரும் செல்வந்தர். அவரே சேப்பாக்கத்தில் இந்தியர்கள் பெவிலியனுக்குள் நுழைய முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக் கொதித்தார் என்பது சென்னைக் கிரிக்கெட் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. 1888ல் அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பையன்களுக்கு மட்டையும் காலணியும் தன் செலவில் வாங்கித் தந்தார். வெள்ளையர் அணியோடு மோத 1908ல் ஏற்பாடு செய்தார். ஆட்டத்தைப் பார்க்காமலே காலமானார். பிற்பாடு 1915 முதல் பொங்கலையொட்டி நடந்த பிரசிடென்சி மேட்ச் அவர் போட்ட விதை.

புச்சிபாபுவுக்குப் பணம் இருந்தது. பணமும் இல்லாமல் தீண்டப்படாத சாதியிலும் பிறந்தவருக்கு என்ன நடந்தது என்பதற்குப் புனேயின் பல்வாங்கர் பாலு சாட்சி. கிளப்பில் புல் வெட்டி, வலை கட்டிக்கொண்டிருந்த பையன், வெள்ளைக்காரர்கள் பேட்டிங் பழக மணிக்கணக்கில் பந்து வீசி வீசி இந்தியாவின் முதல் பெரிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். வெள்ளையரை ஜெயிக்க அவர் வேண்டும் என்பதால் புனே இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில் தேநீர். 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தது அவர் ஒருவர்தான். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923ல் கிடைத்தது.

இதன் மறுபக்கம் 1936. இங்கிலாந்து போன இந்திய அணிக்குக் கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், சுருக்கமாக விஸ்ஸி. பணத்தாலும் செல்வாக்காலும் பிடித்த பதவி. மூன்று டெஸ்டில் ஆறு முறை மட்டை பிடித்து மொத்தம் எடுத்த ஓட்டம் 33. அணியின் சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று பாதியில் ஊருக்கு அனுப்பினார். பயணம் முடிவதற்குள் விஸ்ஸிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அந்த அணியில் நம் எம்.ஜே. கோபாலனும் இருந்தார். 1934ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர், ஹாக்கியிலும் அசல் புலி. அதே கோடையில் தியான்சந்தின் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டது. கிரிக்கெட்டுக்கு மதிப்பு அதிகம் என்று கோபாலன் இங்கிலாந்து கப்பலைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. விஸ்ஸியின் அணி கோபாலனுக்கு ஒரு டெஸ்டும் தரவில்லை.

கோபாலன் வேறொன்றுக்கும் முன்னோடி. அவர் திறமையைக் கண்டுபிடித்தவர் மெட்ராஸ் வெள்ளையர் அணியின் சி.பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் கம்பெனி அதிகாரி. கோபாலனுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். விளையாட்டுக்காரனுக்கு வேலை கொடு, வேலை நேரத்தில் விளையாட விடு, பெயரளவில் அமெச்சூராகவே இருக்கட்டும் என்ற இந்திய ஏற்பாட்டுக்கு நம்மூரின் ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. பின்னாளில் ரயில்வே, போலீஸ், ஸ்டேட் பாங்க், இந்தியன் பாங்க், இந்தியா சிமெண்ட்ஸ் எல்லாம் அதே வழியில் வந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறார்கள் என்று ஆபீசில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஹடர்ஸ்ஃபீல்டு சுரங்கத் தொழிலாளி கேட்ட ஆறு ஷில்லிங்கை இந்தியா வேறு தலைப்பில் கொடுத்தது. சிப்பாயாகச் சேர்ந்த தியான்சந்த் ராணுவச் சம்பளத்தில்தான் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கிராமத்துக் கபடிக்காரனுக்கு இன்றும் விளையாட்டு என்றால் போலீஸ் வேலை, ரயில்வே வேலை. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதை இலவசம் என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். விளையாடுவதற்குப் பரம்பரைச் சொத்து தேவையில்லை என்று ஓர் அரசு சொல்ல இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது வேலி எங்கே?

சட்டப் புத்தகத்தில் இன்று கொத்தனாரைத் தடுக்கும் விதி எங்கும் இல்லை. உடையில் கொஞ்ச காலம் ஒளிந்திருந்தது. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீடு. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வாசலில் நிறுத்திவிட்டார்கள். புச்சிபாபு காலத்து வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவர்கள் பாணியிலான உடை விதி வாசலில் காவல் நின்றது. கட்சி வேறுபாடில்லாமல் சட்டமன்றம் கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா ஆகஸ்டிலேயே சட்டம் கொண்டுவந்தார். வேட்டிக்குத் தடை போடும் கிளப்புக்கு உரிமம் ரத்து, தடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். ஆனால் அன்று வாசலில் நின்றவர் நீதிபதி என்பதால் வந்த சட்டம். வேட்டி கட்டிய தென்னைமரம் ஏறுபவர் அந்த வாசலுக்கு வந்து மறுக்கப்பட்டிருந்தால் செய்தியே வந்திருக்காது.

நிலத்திலும் இருக்கிறது வேலி. கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர், 1945ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். அந்த வளாகத்துக்குள் குதிரை ஓடியது, கோல்ஃப் பந்து பறந்தது, சுற்றுச்சுவருக்கு வெளியே வேளச்சேரிப் பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்துசெய்து அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்றது. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. வழக்கின் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். நகரத்தின் நுரையீரலில் இத்தனை பெரிய துண்டை ஒரு சில ஆயிரம் பேரின் பொழுதுபோக்குக்கு மாதம் ஐம்பத்தோரு ரூபாய் வாடகையில் விட்டுவைத்திருந்தோம் என்பது யாரும் மறுக்காத உண்மை.

மூன்றாவது வேலி செலவு. இதுதான் இன்று வலுவானது, ஏனென்றால் இதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிரிட்டனில் தனியார் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் சுமார் 7 சதவீதம். 2016 ரியோவில் பதக்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர்களில் மூன்றில் ஒருவர் அந்தப் பள்ளிகளில் படித்தவர். அமெரிக்காவில் 2019 மார்ச்சில் வெடித்த கல்லூரி அனுமதி ஊழல் இன்னும் பச்சையானது. புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கென்று இடம் ஒதுக்குகின்றன. அதில் படகோட்டம், பாய்மரப் படகு, வாட்டர் போலோ எல்லாம் உண்டு. பெரும்பாலும் பணக்காரப் பள்ளிகளில் மட்டுமே இருக்கும் ஆட்டங்கள். அந்த ஆட்டங்களைக்கூட ஆடாத பிள்ளைகளுக்கு ரிக் சிங்கர் என்ற இடைத்தரகர் போலிப் புகைப்படம் தயாரித்தார், பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்தார். நடிகை லோரி லாக்லினின் இரு மகள்களும் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்கார்ந்து எடுத்த படத்தை வைத்து இடம் வாங்கினார்கள். செலவு ஐந்து லட்சம் டாலர். நடிகைக்கு இரண்டு மாதச் சிறை, சிங்கருக்கு மூன்றரை ஆண்டு.

சென்னைக்கு வாருங்கள். விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலையைத் தாண்டிய கார்பன் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. மாரத்தான் பதக்கம் நிறுவனத் தலைவர்களின் சமூக ஊடகப் பக்கத்தில் தொங்குகிறது. அதில் தப்பில்லை, உடம்புக்கு நல்லது. அவர்களைத் தாண்டி, பால் கேனோடு, பேப்பர் கட்டோடு அதே சாலையில் அதே வேகத்தில் மிதிப்பவரை யாரும் சைக்கிள் வீரர் என்று சொல்வதில்லை. 1879 ஹென்லி விதியை எழுதியவர்கள் இதைப் பார்த்தால் ஒன்றும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

டென்னிஸ், நீச்சல், துப்பாக்கி சுடுதல், செஸ் எதிலும் பிள்ளையை வயதுப் பிரிவுப் போட்டிகளுக்கு அழைத்துப்போகும் பெற்றோருக்குச் செலவுக் கணக்கு தெரியும். பயிற்சிக் கட்டணம், கருவி, ரயில், தங்கும் அறை. இவற்றைவிடப் பெரிய செலவு கூடப் போகிறவரின் விடுப்பு. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தினக்கூலி அம்மாவுக்கு அது அடுப்பெரியாத நாள். மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றி உடற்கல்வி ஆசிரியர்களைக் கேளுங்கள். அநேகமாக எல்லாருமே காரணம் இதைத்தான் சொல்வார்கள்.

சங்கங்களின் தலைவர் பதவிகளில் உட்கார்ந்திருக்கும் அரசியல்வாதிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் ஒரு கோரிக்கை. கட்சி எதுவானாலும் பரவாயில்லை. புது ஸ்டேடியத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். வட்டார, மாவட்ட, மாநிலத் தேர்வுப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் பயணப்படியோடு, துணைக்கு வரும் ஒருவருக்கு ஒரு நாள் கூலியையும் அன்றைக்கே கையில் கொடுங்கள்.